மருந்து போய்ச் சேர்ந்த இடம் எது?

சந்தைக்குப் போகிற பழக்கமுள்ள தோழர்கள் எல்லோரும் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். புளியமரத்தடியில் ஒருவன் துணியை விரித்து, நாலைந்து சீசாக்களையும் ஓர் எலும்புக்கூட்டுப் படத்தையும் பரப்பி வைத்துக்கொண்டு லேகியம் விற்பான். "இது நாக்கில் பட்ட மாத்திரத்தில் எழுபத்தீராயிரம் நாடிகளிலும் பாய்ந்து, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ஓடி, வியாதி எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் பிடித்து வெளியே தள்ளிவிடும்" என்பான். நான் இருபது வயதுப் பையனாயிருந்தபோது ஒரு நாள் கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு, "பாய்ந்ததை நீர் பார்த்தீரா?" என்று கேட்டுவிட்டேன். அவன் சற்றும் கலங்காமல், "தம்பி, நேற்றுச் சாப்பிட்ட சோறு எங்கே போயிற்றென்று பார்த்துவிட்டா இன்றைக்குச் சாப்பிட்டாய்?" என்றான். கூட்டம் சிரித்தது. நாலு பேர் லேகியம் வாங்கினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அன்று எனக்கு வெட்கமாயிருந்தது வாஸ்தவமே. ஆனாலும் கேட்ட கேள்வி சரியான கேள்விதான் என்பதில் இன்றளவும் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு மருந்து வியாதி இருக்கும் இடத்துக்குப் போகிறதென்று ஒருவன் சொன்னால், போனதற்கு அத்தாட்சி என்ன என்று கேட்பதுதான் அறிவுடையோர் கடமை. ஆனால் அந்தக் கேள்வியை லேகியக்காரனிடம் மட்டும் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரி மாத்திரையைப் பற்றிக் கேட்காமல் விட்டுவிடுவது எப்படி நியாயமாகும்? ஒருவனிடம் ருசு கேட்பதும் இன்னொருவனிடம் கைகட்டி வாய் பொத்தி நிற்பதும், சாமியை மாற்றிக்கொண்ட பக்தியாகுமேயொழிய பகுத்தறிவாகாது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் என் தம்பி. அந்தப் பாடத்துக்கு அவன் கொடுத்த விலை மிகப் பெரிது.

தம்பி கேட்ட கேள்வி

2011-ம் வருஷத்தில் விசைத்தறிக் கொட்டகையில் வேலை செய்துகொண்டிருந்த என் தம்பிக்குக் க்ஷயரோகம், அதாவது இப்போது காசநோய் என்று சொல்லப்படுவது, கண்டது. சர்க்கார் செலவில் இலவசமாக மாத்திரை கொடுத்தார்கள். அப்போது வாரத்துக்கு மூன்று நாள் போய், அங்கேயே நின்று விழுங்கிவிட்டு வரவேண்டிய முறை. முதல் நாள் சிறுநீர் செக்கச்செவேலென்று போவதைக் கண்டு வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். அது ரிஃபாம்பிசின் என்கிற மருந்தின் நிறம், பயப்பட வேண்டியதில்லை என்று அதற்கு மட்டும் ஒரு புண்ணியவான் விளக்கம் சொன்னார். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. ஜுரம் விட்டது. உடம்பும் தேறிற்று. "வியாதிதான் போய்விட்டதே, இன்னும் நாலு மாதம் எதற்கு?" என்று மாத்திரை கொடுக்கும் இடத்தில் கேட்டான். "அதெல்லாம் உனக்கெதற்கு? கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போ" என்பதுதான் அவனுக்குக் கிடைத்த பதில்.

வீட்டிலோ, "மாத்திரை சூடு, குடலை வெந்துபோகச் செய்துவிடும்" என்றாள் ஒரு கிழவி. அவன் மாமியார் வேண்டிக்கொண்ட வேண்டுதல் பலித்துவிட்டதென்று மொட்டையடித்துக் காது குத்துகிற சந்தோஷத்தில் இருந்தார்கள் மற்றவர்கள். அவன் மாத்திரையை நிறுத்திவிட்டான். நான் போய், "டாக்டர் சொன்னபடி செய்யடா" என்று கோபித்துக்கொண்டேன். அவன் சொன்னான்: "அண்ணே, சாமி சொல்லிற்று, சாஸ்திரம் சொல்லிற்று என்றால் ஏன், எதற்கு என்று கேள் என்று மேடைக்கு மேடை பேசுகிறாய். டாக்டர் சொன்னால் மாத்திரம் கேட்காமல் செய் என்கிறாயே, இது எந்த ஊர் நியாயம்?"

தோழர்களே! அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆறு மாதம் எதற்கென்று எனக்கும் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் அன்று எனக்கு மனம் வரவில்லை. கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

மறு வருஷம் வியாதி திரும்பிற்று. இந்தத் தடவை அது முக்கியமான இரண்டு மருந்துகளுக்கும் அடங்காத வியாதியாகத் திரும்பிற்று. இரண்டு வருஷ காலம் மருந்து. அதில் ஆறு மாதத்துக்கு மேல் ஊசி. அவன் உயிர் பிழைத்தான். ஆனால் அந்த ஊசி மருந்து காதின் உள்ளே இருக்கும் நுண்ணிய உறுப்பைக் கெடுத்துவிட்டது. இன்று அவனோடு பேச வேண்டுமானால் எழுதித்தான் காட்ட வேண்டும். போகவேண்டிய இடத்துக்கு ஒரு மருந்து போய்ச் சேர்ந்ததா என்பதும், போகக்கூடாத இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டதா என்பதும், ஒரு மனிதன் வாழ்வை எப்படி மாற்றிவிடுகின்றன என்பதற்கு எங்கள் வீட்டைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டியதில்லை. அது முதற்கொண்டு இந்தச் சங்கதியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்து, தெரிந்தவர்களைக் கேட்டு, நான் அறிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

ரத்தத்தில் இருந்தால் போதுமா?

மருந்து உடம்புக்குள் போயிற்றா என்று பார்ப்பதற்கு வைத்திய சாஸ்திரத்தார் வெகுகாலமாகச் செய்துவந்த காரியம் ரத்தத்தை எடுத்து அளந்து பார்ப்பது. ரத்தத்தில் இவ்வளவு மருந்து இருக்கிறது, ஆகவே உறுப்பிலும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும் என்று அனுமானித்துக்கொண்டார்கள். பல மருந்துகளுக்கு இந்த அனுமானம் பொருந்தியும் வந்தது. ஆனால் அனுமானம் அனுமானம்தானே! ஊர்த் தொட்டியில் தண்ணீர் நிறைந்திருக்கிறது என்பது, சேரியின் கடைசிக் குழாயில் தண்ணீர் வருகிறது என்பதற்கு அத்தாட்சியாகுமா? நம் ஊர்களில் பிறந்து வளர்ந்த எவனும் அப்படிச் சொல்லத் துணியமாட்டான்.

சரி, உறுப்பையே எடுத்து அரைத்துப் பார்த்தால் என்ன? அப்படியும் செய்தார்கள். மிருகத்தின் ஈரலை அல்லது நுரையீரலை அரைத்துக் கரைத்து, அதில் மொத்தம் எவ்வளவு மருந்து இருக்கிறதென்று கண்டார்கள். இதிலும் ஒரு மோசம் உண்டு. நூறு குடும்பங்கள் உள்ள ஒரு கிராமத்தில் ஒரு மிராசுதாரர் நூறு மூட்டை நெல்லும், பாக்கித் தொண்ணூற்றொன்பது பேர் வெறுங்கையுமாக இருந்தால், கணக்கப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மூட்டை சராசரி என்று எழுதி வைக்கலாம். கணக்கு சரி; பட்டினியும் சரி. அரைத்துப் பார்க்கும் முறை அந்தக் கணக்கப்பிள்ளையின் முறை.

மூன்றாவது ஒரு முறையும் உண்டு. மருந்தின் ஓர் அணுவுக்குப் பதிலாகக் கதிர் வீசும் அணு ஒன்றைப் பொருத்தி, மிருகத்துக்குக் கொடுத்து, உறுப்பைச் சீவிப் படச்சுருளின்மேல் வைத்தால், கதிர் பட்ட இடமெல்லாம் கறுக்கும். இது மாட்டின் கழுத்தில் மணி கட்டி விட்டு மணிச்சத்தத்தைக் கொண்டு மாட்டைத் தேடுவது போன்றது. நல்ல முறைதான். இன்றும் உபயோகத்தில் இருக்கிறது. ஆனால் மருந்து உடம்புக்குள் போனதும் முழுசாகவே இருப்பதில்லை; ஈரல் அதை உடைத்து உருமாற்றுகிறது. மணி மாத்திரம் உடைந்த துண்டோடு போய்விட்டால், நாம் மணியைத்தான் கண்டுபிடிப்போம், மாட்டை அல்ல.

எடை பார்க்கும் யந்திரம்

இந்த மூன்று குறைகளையும் ஒருங்கே நீக்குவதற்காக ஏற்பட்டதே இப்போது நான் சொல்லப்போகும் முறை. இதற்கு ஆதாரமான யந்திரத்துக்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று பெயர். பெயரைக் கண்டு மலைக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எடைபோடும் தராசு என்று வைத்துக்கொள்ளுங்கள். இது இங்கிலாந்தில் ஜே. ஜே. தாம்ஸன் என்பாரும் அவரிடம் வேலை பழகிய ஆஸ்டன் என்பாரும் 1910-க்குப் பின்வந்த பத்து வருஷங்களில் உண்டாக்கிய சங்கதி. ஆஸ்டனுக்கு 1922-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எடைபோடுவது எப்படி? மூலக்கூறுகளுக்கு மின்சாரம் ஏற்றி, எல்லாவற்றையும் ஒரே அளவு வேகத் தள்ளுத் தள்ளி ஒரு குழாய்க்குள் விடுகிறார்கள். வெறும் வண்டியையும் மூட்டை ஏற்றிய வண்டியையும் ஒரே பலத்தோடு தள்ளினால் எது முன்னே ஓடும்? இலேசானது முன்னே, கனமானது பின்னே. வந்து சேரும் நேரத்தைக் கொண்டு எடையைக் கணக்கிட்டுவிடுகிறார்கள். ஹைட்ரஜன் அணுவின் எடையை 1 என்று வைத்தால், பைரஸினமைட் என்கிற க்ஷயரோக மருந்தின் எடை ஏறக்குறைய 123, மாக்ஸிஃப்ளாக்ஸசின் 401, ரிஃபாம்பிசின் 823. ஒன்றையொன்று ஏமாற்ற முடியாது. ஒரே எடையுள்ள இரண்டு வேறு வஸ்துக்கள் வந்துவிட்டால்? இரண்டு மூட்டைகள் ஒரே எடை இருந்தால் அவிழ்த்துப் பார்த்து இது நெல், இது கேழ்வரகு என்று கண்டுகொள்ளுகிறோம் அல்லவா? அதேபோல் மூலக்கூறை உடைத்து, துண்டுகளை எடைபோட்டுத் தீர்த்துவிடுகிறார்கள்.

ஆனால் பெரிய மூலக்கூறுகளை உடையாமல் மேலே எழுப்பிப் பறக்க விடுவது வெகுகாலம் பெரும் கஷ்டமாயிருந்தது. இதற்கு வழி கண்டவர்களில் ஒருவரைப் பற்றி நமது தோழர்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். ஜப்பானில் கியோட்டோ நகரத்துக் கருவி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த கோய்ச்சி தனாக்கா என்கிற இஞ்சினியர் அவர். டாக்டர் பட்டம் கிடையாது; அவர் படித்ததும் ரஸாயன சாஸ்திரம் அல்ல, மின்சாரம். 1985-ல் ஒரு நாள் அவர் உலோகப் பொடியில் ஊற்ற வேண்டிய திரவத்துக்குப் பதிலாகத் தவறுதலாக கிளிஸரினை ஊற்றிவிட்டார். வீணாக்கக் கூடாதென்று நினைத்து அதையும் லேஸர் ஒளியால் அடித்துப் பார்த்தார். உடையாத மூலக்கூறு கிளம்பிற்று! நம் நாடாயிருந்தால் அந்தக் கிளிஸரின் சீசாவுக்குக் குங்குமம் வைத்து, அந்த நாளை ஒரு திருநாளாக்கியிருப்பார்கள். அவரோ மறுபடியும் மறுபடியும் செய்து பார்த்து, எழுதி வைத்து, மற்றவர்களும் செய்து பார்க்கும்படி வெளியிட்டார். 2002-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவரானார். ஜெர்மனியில் ஹில்லென்காம்ப், காராஸ் என்ற இருவர் அதே காலத்தில் கண்ட முறையே, அதாவது ஒளியை உறிஞ்சும் ஒருவகை அமிலப் படிகத்தோடு கலந்து லேஸரால் அடிக்கும் முறையே, இன்று உலகமெங்கும் அதிகமாக வழங்குகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

இந்த முறையைக் கொண்டு படம் எழுதலாம் என்று 1997-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் காப்ரியோலியும் அவர் கூட்டாளிகளும் காட்டினார்கள். வேலை இவ்வளவுதான். உறுப்பை உறைய வைத்து, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவுகிறார்கள். அந்தச் சீவலைத் தகட்டில் ஒட்டி, அமிலக் கரைசலைப் பனி போலத் தெளிக்கிறார்கள். பிறகு லேஸர் ஒளியை ஒரு புள்ளியில் அடிக்கிறார்கள். அந்தப் புள்ளியிலிருந்து எழும்பியவற்றை எடைபோடுகிறார்கள். அடுத்த புள்ளி, அதற்கடுத்த புள்ளி என்று, நாற்று நடுகிறவர்கள் வரிசை பிடித்துப் போவது போல, சீவல் முழுதும் போய் முடிக்கிறார்கள். ஒரு புள்ளி ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. எந்தெந்தப் புள்ளியில் நமது மருந்தின் எடை தென்பட்டதோ, அங்கெல்லாம் கம்ப்யூட்டர் வர்ணம் தீட்டிக் காட்டுகிறது. மணி கட்ட வேண்டியதில்லை. மாட்டையே அடையாளம் கண்டாய்விட்டது. 2006-ல் ஒலான்ஸபின் என்கிற மனநோய் மருந்தை எலிகளுக்குக் கொடுத்து, முழு எலியையும் நெடுக்கே சீவி, மருந்து எங்கே, அது உடைந்து உண்டான இரண்டு வஸ்துக்கள் எங்கே என்று தனித்தனிப் படமாகக் காட்டினார்கள். லேகியக்காரனிடம் நான் கேட்ட கேள்விக்கு உலகத்தில் ஒரு பதில் ஏற்பட்டது இப்படித்தான்.

க்ஷயத்தின் கோட்டை

இனி என் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். க்ஷயரோகக் கிருமியை 1882-ல் ராபர்ட் காக் என்பவர் காட்டினார். அந்தக் கிருமி நுரையீரலில் புகுந்தால், உடம்பு தன் காவற்காரச் செல்களை அனுப்பி அதைச் சுற்றி ஒரு மதில் எழுப்புகிறது. பலருக்கு அந்த மதிலின் நடுப்பகுதி செத்து, பால்கட்டி போன்ற ஒரு வஸ்துவாகிவிடுகிறது. அங்கே ரத்தக் குழாய் கிடையாது. அந்தப் பால்கட்டிக்குள் கிருமிகள் வெகு மெதுவாக, கிட்டத்தட்டத் தூங்குவது போல, நாளைக் கடத்திக்கொண்டிருக்கும். ரத்தத்தில் வரும் மருந்து மதில்வரையில்தான் வண்டியில் வரும். அதற்கப்பால் கசிந்து கசிந்துதான் உள்ளே போகவேண்டும்.

எந்த மருந்து உள்ளே போகிறது, எது வாசலிலேயே நின்றுவிடுகிறது? அமெரிக்காவில் நியூ ஜெர்ஸியைச் சேர்ந்த வெரோனிக் தார்த்வா அம்மையாரும், பிரெண்டன் பிரிடோ முதலிய தோழர்களும் செய்த ஆராய்ச்சி 2015-ல் வெளிவந்தது. மருந்துக்கு அடங்காமல் நுரையீரலின் ஒரு பாகத்தை அறுத்தெடுக்க வேண்டியதாயிருந்த தென்கொரிய நோயாளிகளின் சம்மதத்தோடு, அறுவைக்கு முன் மருந்து கொடுத்து, எடுத்த பாகத்தை மேலே சொன்ன முறையில் படமெடுத்தார்கள். உயிருள்ள க்ஷயக் கிருமி இருக்கும் உறுப்பாகையால், மிகுந்த காப்போடு கட்டிய அறைக்குள் யந்திரத்தை வைத்து இந்த வேலையைச் செய்தார்கள்.

படம் சொன்னது இதுதான்: பைரஸினமைட் பால்கட்டிக்குள் நன்றாகப் போகிறது. ரிஃபாம்பிசினும் போகிறது, வேளைக்கு வேளை கொடுக்கக் கொடுக்க, உள்ளே சிறுகச் சிறுகச் சேர்ந்துகொண்டே வருகிறது. மாக்ஸிஃப்ளாக்ஸசினோ, மதிலில் உள்ள காவற்காரச் செல்களில் ஏராளமாகக் குவிந்து நிற்கிறது. நடுவிலுள்ள பால்கட்டிக்குள் சரியாகப் பரவுவதில்லை. ரத்தத்தை அளந்தால் மூன்றும் இருக்கும். நுரையீரலை அரைத்தாலும் மூன்றும் இருக்கும். படமெடுத்துப் பார்த்தால்தான் யார் உள்ளே, யார் வெளியே என்று தெரிகிறது.

தம்பியின் இருமல் இரண்டு மாதத்தில் ஏன் நின்றது, வியாதி ஏன் திரும்பிற்று என்பது இப்போது விளங்கவில்லையா? வெளியே துள்ளிக்கொண்டிருந்த கிருமிகள் சீக்கிரம் செத்தன. இருமல் நின்றது. உள்ளே பதுங்கியிருந்தவை சாகவில்லை. அவற்றைத் தீர்க்கும் மருந்து சிறுகச் சிறுகச் சேர்ந்துகொண்டிருக்கும்போதே அவன் நிறுத்திவிட்டான். ஆறு மாதத்துக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. குறைந்த மாதங்கள் கொடுத்தால் எத்தனை பேருக்கு நோய் திரும்புகிறது என்று பல தேசங்களில் ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் கவனித்துப் பார்த்துத்தான் அந்தக் கணக்கு ஏற்பட்டது. ஆனால் எண்ணிப் பார்த்துக் கண்ட அந்தக் கணக்கின் உள்ளே இருக்கும் முக்கியமான காரணம் ஒன்றை, இந்தப் படம் கண்ணால் காட்டிவிட்டது. அன்றியும், ஒரு மருந்து போய்ச் சேர்ந்து மற்றொன்று போய்ச் சேராத மூலைகளில், கிருமி ஒரே ஒரு மருந்தை மட்டும் எதிர்த்துப் பழகிக்கொள்ள இடமேற்படுகிறதென்றும், மருந்துக்கு அடங்காத க்ஷயம் உண்டாக அது ஒரு வழியாகலாமென்றும் அந்த ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

எலி சொன்ன சாட்சி

இதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய இன்னொரு பாடமும் இருக்கிறது. மாக்ஸிஃப்ளாக்ஸசினைச் சேர்த்துக் கொடுத்தால் ஆறு மாதத்தை நாலு மாதமாகக் குறைத்துவிடலாம் என்று பெரிய பெரிய விஞ்ஞானிகள் நம்பினார்கள். சோதனைக் குழாயில் அது கிருமியைக் கொன்றது. சுண்டெலிகளில் சிகிச்சைக் காலத்தைக் குறைத்தும் காட்டிற்று. பிறகு 1,931 நோயாளிகளைக் கொண்டு மனிதர்களிடம் சோதித்தார்கள். முடிவு 2014-ல் வெளிவந்தது. சளியிலிருந்து கிருமி சீக்கிரம் மறைந்தது உண்மைதான். ஆனால் நாலு மாதத்தில் நிறுத்தியவர்களில் அதிகம் பேருக்கு வியாதி திரும்பிற்று. எலி ஏன் பொய்ச்சாட்சி சொல்லிற்று? வழக்கமாக ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும் சுண்டெலியின் நுரையீரலில் மனிதருக்கு உண்டாவது போன்ற பால்கட்டி உண்டாவதில்லை. கோட்டையே இல்லாத இடத்தில் கோட்டைக்குள் நுழைய முடியாத குறை எப்படித் தெரியும்?

இங்கே புரோகிதர்களும் லேகியக்காரர்களும் கைகொட்டிச் சிரிக்கலாம். "பார்த்தீர்களா, உங்கள் விஞ்ஞானமும் தவறிற்று" என்பார்கள். தவறிற்று, ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் அந்தத் தவறைக் கண்டுபிடித்தது யார்? அதே விஞ்ஞானிகள். ஊரறிய அச்சிட்டு வெளியிட்டது யார்? அவர்களே. ஏன் தவறிற்று என்று தேடிப் படம் பிடித்துக் காட்டியதும் அந்தக் கூட்டத்தாரே. பலிக்காத வேண்டுதல்களைக் கணக்கெடுத்து, இத்தனை பேர் மொட்டையடித்தார்கள், இத்தனை பேருக்குப் பலிக்கவில்லை என்று எந்தக் கோவில் வாசலிலாவது எழுதி ஒட்டியிருக்கிறார்களா? இதுதான் இரண்டுக்கும் வித்தியாசம்.

தவறு கண்டவுடன் அந்த மருந்தைக் குப்பையில் எறிந்துவிடவும் இல்லை. ரிஃபாபென்டின் என்ற வேறொரு மருந்தை ரிஃபாம்பிசினுக்குப் பதிலாக வைத்து, அதோடு மாக்ஸிஃப்ளாக்ஸசினையும் சேர்த்துக் கொடுத்தபோது, நாலு மாதத்தில் குணமாக்க முடியும் என்று 2021-ல் ருசுவாயிற்று. ஆகவே வாசலில் நிற்கும் மருந்துக்கும் வாசலில் வேலை உண்டு. உள்ளே போகிற மருந்தைத் துணைக்கு வைக்க வேண்டும். அடங்காத க்ஷயத்துக்கும், ஊசியில்லாமல் ஆறு மாதத்தில் முடியும் மாத்திரை முறையை உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ல் சிபாரிசு செய்தது. பத்து வருஷத்துக்கு முன்னமே அது கிடைத்திருந்தால் என் தம்பிக்குக் காது இருந்திருக்கும்.

நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்துத் தூக்கி எறிவதில் நமது சென்னைக்கும் பங்குண்டு. க்ஷயரோகிக்கு மலைக்காற்றும் கட்டிலோடு ஓய்வும் பாலும் முட்டையும்தான் மருந்து, சானடோரியத்துக்குப் போனால்தான் பிழைப்பான் என்பது பெரிய டாக்டர்களுடைய வேதமாயிருந்தது. 1956-ல் சென்னையில் ஏற்பட்ட க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தில், ஏழை நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்திலும் பாதிப் பேரை அவரவர் நெருக்கடியான வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் அரைவயிறு உண்டு கொண்டிருந்தவனும் சானடோரியத்தில் இருந்தவனுக்குச் சமமாகக் குணமடைந்தான் என்று 1959-ல் வெளியாயிற்று. உலகமே தன் முறையை மாற்றிக்கொண்டது. பெரியவர்கள் சொன்னார்கள் என்று விட்டிருந்தால், கட்டில் கிடைக்காத ஏழை இன்றும் கட்டிலுக்காகக் காத்துக்கொண்டே செத்திருப்பான்.

சில ஆட்சேபணைகள்

"யந்திரம் கோடி ரூபாய்க் கணக்கில் விலை, ஏழைக்கு இதனால் என்ன பிரயோஜனம்?" என்று சிலர் கேட்கலாம். ஒவ்வொரு நோயாளிக்கும் யந்திரம் வைக்க வேண்டியதில்லை. எந்த மருந்து உள்ளே போகிறது என்று ஒரு தரம் தெரிந்துவிட்டால், அந்த அறிவு உலகத்துக்கெல்லாம் பொதுச் சொத்து. உலகத்துக் க்ஷயரோகிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கும்போது, அந்தச் சொத்தில் நமக்குத்தான் பங்கு அதிகம்.

"அப்படியானால் இந்தப் படமே கடைசிச் சாட்சியா?" என்றால், அதுவும் இல்லை. படத்தில் தெரியும் சிவப்பும் பச்சையும் மருந்தின் நிறமல்ல. கம்ப்யூட்டர் கொடுத்த நிறம். உயிரோடு இருப்பவன் உடம்புக்குள் இந்த முறையில் எட்டிப் பார்க்க முடியாது. அறுத்தெடுத்த துண்டைத்தான் பார்க்கலாம். அதுவும் ஒரு நேரத்தின் நிலைமையைத்தான் காட்டும். சில மருந்துகள் மின்சாரம் ஏறாமல் யந்திரத்துக்குத் தட்டுப்படாமலே போகும். மருந்து ஓரிடத்தில் இருக்கிறது என்பதால், அங்கே கிருமியைக் கொல்லும்படி சுதந்திரமாக இருக்கிறது என்று ஆகாது. மாமிசத்தோடு ஒட்டிக்கொண்டு செயலற்றும் கிடக்கலாம். ஆகவே படத்தையும் கும்பிட வேண்டாம். மற்றச் சாட்சிகளோடு ஒத்துப் பார்க்க வேண்டும். 2015-ம் வருஷத்துப் படத்துக்கு மதிப்பு ஏற்பட்டதே, அது 2014-ம் வருஷத்து மனிதச் சோதனையோடு ஒத்து வந்ததனால்தான்.

"எங்கள் பாட்டன் வைத்தியத்துக்கு இதெல்லாம் வேண்டாம்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டன் மருந்தில் குணம் இருந்தால் அந்தக் குணம் தராசுக்குப் பயப்பட வேண்டிய அவசியமில்லை. பச்சிலையில் உள்ள வஸ்துவுக்கும் எடை உண்டு. கொண்டுவந்து வையுங்கள், எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். நம்மவர் மருந்து என்பதற்காகத் தள்ளுபடியும் வேண்டாம். அன்னியர் மருந்து என்பதற்காகச் சலுகையும் வேண்டாம்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவதாக, மாத்திரை கொடுக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும் டாக்டர்களுக்கும் நாம் சொல்லுவது: "கொடுத்ததைச் சாப்பிடு" என்பது புரோகிதன் பாஷை. ஏன் என்று கேட்காமல் உங்களுக்குக் கீழ்ப்படிகிறவன், நாளைக்கு ஏன் என்று கேட்காமலே பூசாரிக்கும் கீழ்ப்படிவான். என் தம்பி முட்டாள் அல்ல. இருமல் நின்றது என்கிற கண்ணெதிரே உள்ள சாட்சியைக் கொண்டு, தனக்குத் தெரிந்தவரையில் யோசித்தான். அவனுக்குத் தெரியாத சாட்சியை அவன் முன் வைக்கவேண்டியது யாருடைய கடமை? அந்த நுரையீரல் படத்தைப் பெரிதாக அச்சடித்து ஒவ்வொரு மருந்து கொடுக்கும் இடத்திலும் சுவரில் மாட்டி, "இருமல் நின்றாலும் இதோ இந்த நடுப்பகுதியில் கிருமி இருக்கிறது" என்று விரலால் தொட்டுக் காட்ட எவ்வளவு செலவாகும்?

இரண்டாவதாக, சர்க்காருக்கு: மருந்து சிறுகச் சிறுகச் சேர்ந்தால்தான் உள்ளே வேலை நடக்கும் என்று தெரிந்த பிறகும், "மருந்து தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வா" என்று ஒரு நோயாளியைத் திருப்பி அனுப்புவது, அவனே மருந்தை நிறுத்துவதைவிட எந்த விதத்தில் குறைந்த குற்றம்?

மூன்றாவதாக, என்னைப் போன்ற பிரசாரகர்களுக்கு: ஏன், எதற்கு என்று கேள் என்று ஜனங்களுக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் நம்மையே கேட்கும்போது கோபித்துக்கொண்டு எழுந்துவிடக்கூடாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தேடிப் படித்துக்கொண்டு வந்து சொல்ல வேண்டும். நான் அதைச் செய்ய மிகவும் தாமதித்துவிட்டேன்.

போன மாதம் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு, நடுவில் பால்கட்டியையும் சுற்றிலும் மதிலையும் வரைந்து, எந்த மருந்து எதுவரை போகிறது என்று எழுதிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "இதை அன்றைக்கே காட்டியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேனே, அண்ணே."

அன்றைக்கு அந்தப் படம் உலகத்திலேயே இல்லை. இன்றைக்கு இருக்கிறது. இன்று மூன்றாம் மாதத்தில் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "இருமல்தான் நின்றுவிட்டதே" என்று யோசித்துக்கொண்டிருக்கும் தோழர் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், அவர் கேட்கும் கேள்விக்கு இதுவே பதில். இதைப் படிக்கத் தெரியாதவர் பக்கத்து வீட்டில் இருந்தால், தெரிந்தவர்கள் போய் வட்டம் போட்டுக் காட்டுங்கள்.